நான் குறைத்துக் கொடுத்த அபின்

மருந்து கலக்கும் மேஜைக்கு இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் தங்கைகளே, உங்களில் இரண்டு பேர் போன வாரம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தீர்கள். "அக்கா, ஆறு வருஷம் கம்பவுண்டரா இருந்தீங்களே, எங்களுக்கு ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டீர்கள். கைக்குழந்தை அன்று அழுத அழுகையில் நான் சொன்ன எதுவும் உங்கள் காதில் விழுந்திருக்காது. விழாததும் நல்லதுதான். புட்டி கழுவுவதையும் தராசு துடைப்பதையும் பற்றித்தான் பேசினேன். அதையெல்லாம் வகுப்பிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். சொல்ல வேண்டியது வேறு. அதைச் சொல்ல அன்று எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயது போதாது. இருபத்தொன்பதுதான் ஆகிறது. இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். விட்டது சரியா, தப்பா என்று வாரத்துக்கு மூன்று தடவை யோசிக்கிறேன். செவ்வாய்க்கிழமை சரி என்று தோன்றுகிறது, வியாழக்கிழமை தப்பு என்று தோன்றுகிறது. என் சுபாவம் அப்படி. தெருக்கதவைப் பூட்டிவிட்டு நாலடி நடந்து, பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்ப்பவள் நான். இந்தச் சுபாவம் நம் வேலைக்கு நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அது எப்படிப்பட்ட நல்லது என்பதற்குத்தான் இந்தக் கதை.

யுத்த காலம். மயிலாப்பூர்க் குளத்துக்குத் தெற்கே ஒரு தெருவில் எங்கள் டிஸ்பென்சரி இருந்தது. அங்கே இருந்த கம்பவுண்டர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். வேறு ஆண்பிள்ளை கிடைக்காததால் டாக்டர் என்னை வைத்துக்கொண்டார். சேர்ந்த முதல் நாளே அதை என்னிடம் சொல்லியும் விட்டார். கெட்டிக்காரர், கைராசிக்காரர். ஆனால் குரல் மட்டும் பட்டாளத்து அதிகாரியின் குரல் போல இருக்கும். அவர் உள்ளே "நாக்கை நீட்டு" என்றால் வெளியே பெஞ்சில் இருப்பவர்களும் நீட்டுவார்கள். ஒரு முறை ஒரு சீட்டில் அளவு கூடுதலாக இருக்கிறதோ என்று போய்க் கேட்டேன். "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்றார். அளவு சரியாகத்தான் இருந்தது, நான்தான் தப்பாகப் படித்திருந்தேன். அதற்குப் பிறகு நான் எதையும் கேட்பதில்லை.

காசிம் பாய் ஜட்கா வண்டிக்காரர். பெட்ரோல் கிடைக்காத அந்த நாட்களில் ஜட்காவுக்கு ராஜ மரியாதை. காலையில் ஐந்து குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். சாயங்காலம் அழைத்து வருவார். அந்த ஐந்தில் ஒன்று என் மகள் குமுதா. அப்போது அவளுக்கு ஆறு வயது. குழந்தைகள் இல்லாத நேரத்தில் ஒரு நாள், குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள லஸ் பக்கம் சாலையோரத்தில் வெட்டிவைத்திருந்த பள்ளத்தில் வண்டியின் சக்கரம் இறங்கிவிட்டது. குண்டு விழவில்லை, காசிம் பாய் விழுந்தார். முதுகு, குதிரையைப் பூட்டும் ஏர்க்காலில் மோதியது. எலும்பு முறியவில்லை என்றார் டாக்டர். ஆனால் அதன் பிறகு அவரால் நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. உட்கார்ந்தால் எழ இரண்டு பேர் வேண்டியிருந்தது. பெஞ்சில் உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தம் முறைக்காகக் காத்திருப்பார்.

"இன்னாம்மா கம்பவுண்டரம்மா, இந்த முதுகக் கழட்டி வெச்சிட்டு வேற ஒண்ணு மாட்ட முடியாதா?" என்பார். வேர்த்துக் கொட்டும் முகத்தோடுதான் சிரிப்பார்.

பூச்சு மருந்து, ஒத்தடம், மாத்திரை எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் அபின் டிங்சர் எழுதினார். வேளைக்குப் பத்துத் துளி, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஒரு வாரத்துக்கு. அந்தச் சீட்டைக் கையில் வாங்கியதும் இரண்டு தடவை படித்தேன்.

நீங்கள் இப்போது பிரித்துப் பிரித்துக் கலக்கும் வலி மருந்துகள் அன்று அவ்வளவாக இல்லை. அபினுக்கு நிகராக வலியைத் தணிப்பது வேறெதுவும் கிடையாது. அதன் மறுபக்கமும் எனக்குத் தெரியும். நான் வரும் வழியில் சர்க்கார் லைசென்ஸ் போட்ட அபின் கடை ஒன்று இருந்தது. கடை திறக்கும் முன்பே வந்து அதன் சுவரில் சாய்ந்து நிற்பவர்களைத் தினமும் பார்ப்பேன். குழந்தை அழாமல் தூங்க வேண்டும் என்று கடுகளவு கொடுத்துவிட்டு, குழந்தை எழவில்லையே என்று டிஸ்பென்சரிக்கு ஓடி வந்த ஒரு தாயையும் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. நான்தான் அன்று ராத்திரி முழுக்கக் குமுதாவின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த அபினைக் குடித்துவிட்டு ஒருவர் என் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகப்போகிறார். கடிவாளம் கையிலிருந்து நழுவும். வண்டி டிராம் தண்டவாளத்தில் நிற்கும். எதிரே டிராம் வரும். இதெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் என் மனசில் ஓடி முடிந்துவிட்டது.

டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்துத் துளிக்கு ஐந்து ஊற்றினேன். மிச்சத்துக்குத் தண்ணீர். வேளைக்கு ஒரு கோடு என்று பல் பல்லாகக் கத்தரித்த காகிதப் பட்டையைப் புட்டியில் ஒட்டி, மிக அழகாகப் பெயர் எழுதிக் கொடுத்தேன். தண்ணீர் கலக்காத கம்பவுண்டர் உண்டா என்று ஊரே கேலி செய்யும். அந்தக் கேலியை மெய்யாக்கினேன்.

அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு வாரம் கழித்துக் காசிம் பாய் வந்தார். வலி அப்படியேதான் இருந்தது. டாக்டர் யோசித்தார். "பத்துக்கு அசையவில்லையா" என்று முணுமுணுத்துக்கொண்டே, இரண்டு வாரத்துக்கு இருபது என்று எழுதினார். நான் பத்து ஊற்றினேன். காசிம் பாயின் முகத்தைப் பார்க்காமல் புட்டியை நீட்டினேன். வலிக்கிற மனுஷனுக்கு வஞ்சனை செய்கிறோமே என்று ஒரு மனம் சொல்லும். குமுதா, குமுதா என்று இன்னொரு மனம் சொல்லும். இரண்டையும் ஒரே தராசில் வைத்தேன் என்று சொன்னால் அது பொய். ஒரு தட்டில் என் கை இருந்தது.

அந்த மருந்து தீர்ந்த திங்கட்கிழமை மாம்பலத்தில் என் நாத்தனாருக்கு வளைகாப்பு. லீவு எடுத்தேன். நான் இல்லாத நாளில் ரங்கநாதம் என்ற பழைய கம்பவுண்டர் வந்து மேஜையில் நிற்பார். சீட்டில் எழுதியதை எழுதியபடி கலந்து கொடுப்பார். ஒரு துளி கூடாது, ஒரு துளி குறையாது. செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கு வந்தேன். கூட்டம் சற்றுக் குறைந்ததும், ஒன்பதே முக்கால் மணி வாக்கில், முந்தின நாள் பதிவேட்டைப் புரட்டினேன். ரங்கநாதத்தின் முத்து முத்தான கையெழுத்து. காசிம், அபின் டிங்சர், வேளைக்கு முப்பது, திங்கள் மாலை.

இருபதுக்கும் அசையவில்லை என்று டாக்டர் முப்பதாக்கியிருக்கிறார். இருபது உள்ளே போகவே இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? காசிம் பாயின் உடம்பு பழகியிருந்தது பத்துக்கு. இப்போது திடீரென்று முப்பது. காலை வேளை மருந்தைக் குடித்துவிட்டு ஒன்பதேகாலுக்கு அவர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தியிருப்பார். என் மாமியார் குமுதாவை ஏற்றிவிட்டிருப்பார்.

டாக்டரிடம் சொல்லவில்லை. மேஜையைப் பூட்டவில்லை. பெஞ்சில் இருந்த ஏழு பேரும் வாயைத் திறந்துகொண்டு பார்க்க, தெருவில் இறங்கி ஓடினேன். வயிற்றுப்போக்குக்கு மருந்து வாங்க வந்த ஒருவர் "எனக்கு அவசரம்மா" என்று பின்னாலிருந்து கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

பள்ளிக்கூட வாசலில் காவல்காரர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. "ஜட்கா... பாய்..." என்றேன்.

"வண்டியா? அது அப்பவே வந்து போய்ட்ச்சே. பசங்கல்லாம் உள்ள கீதுங்க. பாய் நல்லாத்தாம்மா இருந்தாரு, என்னாண்ட நெருப்பு வாங்கி பீடி பத்த வெச்சிக்கினு போனாரு."

ஜன்னல் வழியாகக் குமுதாவைப் பார்த்தேன். சிலேட்டில் பூனை வரைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், இந்த அம்மாள் யாரோ எனக்குத் தெரியாது என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலைமுடி கலைந்து, செருப்பில்லாமல் நின்ற தாயை வேறு எந்தக் குழந்தைதான் சொந்தம் கொண்டாடும்?

தங்கைகளே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். குமுதா பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் என் கால் நின்றுவிட்டது. நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை என்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிஸ்பென்சரியை நோக்கித் திரும்பி நடந்தேன். இருபது அடி நடந்திருப்பேன். மருந்து நேற்று மாலையே அவர் கைக்கு வந்துவிட்டது. நேற்று ராத்திரி முப்பது, இன்று காலை முப்பது குடித்தவர் எப்படிப் பீடி பற்றவைத்துக்கொண்டு சிரித்துப் பேச முடியும்? அப்படியானால் அவர் இன்னும் குடிக்கவில்லை. ஏன் குடிக்கவில்லை? எப்போது குடிப்பார்?

பூட்டினேனா என்று திரும்பிப் பார்க்கும் என் புத்தி அன்று ஒரு தடவை உருப்படியான வேலை செய்தது. மசூதிக்குப் பின்னால், காசிம் பாய் வீடு இருந்த சந்துக்கு மறுபடி ஓடினேன்.

வாசலில் குதிரை கொள்ளு தின்றுகொண்டிருந்தது. வண்டி அவிழ்த்து விடப்பட்டிருந்தது. உள்முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் காசிம் பாய் சாய்ந்திருந்தார். அவருடைய மனைவி ஜைனப்பீ புட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

"அட, கம்பவுண்டரம்மா. இன்னாம்மா இவ்ளோ தூரம்? பாப்பாவப் பத்திரமா எறக்கி வுட்டேனே."

"பாய், மருந்து குடிச்சீங்களா?"

"இப்பத்தான். வாய்கூடக் கழுவல. இன்னிக்கி மருந்து சோக்கா கீதும்மா. நல்ல கசப்பு. இத்தினி நாளு சப்புன்னு இருந்துச்சி."

"கலர்கூட மாறிக்கீதுன்னு சொன்னேன்" என்றார் ஜைனப்பீ. "எங்க கேக்குறாரு."

"எவ்வளவு குடிச்சீங்க? ஒரு கோடா?"

காசிம் பாய் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

"என்னைய ஏன் பாக்குறீங்க? டாக்டராண்ட சொல்லாத, சொல்லாதன்னு என் வாயக் கட்டி வெச்சீங்களே, இப்ப நீங்களே சொல்லுங்க."

"ரெண்டு கோடும்மா" என்றார் காசிம் பாய், தப்பு செய்த பையனைப் போல. "மொத நாளே மோந்து பாத்தேன். அபின். எங்க சிச்சா, அப்பாவோட தம்பி, தின்னுவாரு, எனக்கு அந்த வாசனை தெரியும். அதக் குடிச்சிட்டு காலையில வண்டி ஓட்ட முடியுமா? சாயங்காலமும் பசங்கள இட்டாரணும். அதான் காலை சவாரி முடிச்சிட்டு வந்து, ரெண்டு வேளையும் சேத்து அடிச்சிட்டு ஒரு தூக்கம் போட்றது. மூணு மணிக்கு எழுந்தா வண்டி பூட்டலாம்."

அறுபது துளி. ஒரே மடக்கில்.

அப்போது எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. டாக்டரிடம் ஓடலாம். போக வர இருபது நிமிஷமாவது ஆகும். இல்லாவிட்டால் நானே அவரை வாந்தி எடுக்க வைக்கலாம். குடித்துச் சில நிமிஷம்தான் ஆகியிருந்தது. இப்போதே எடுத்தால் பெரும்பகுதி வெளியே வந்துவிடும், பிறகு எடுத்தால் பிரயோஜனம் குறைவு. டாக்டரைக் கேட்காமல் நான் எதையும் செய்யக் கூடாது என்பது சட்டம். டாக்டரைக் கேட்காமல் மூன்று வாரமாகச் செய்துகொண்டிருந்தவளுக்கு அன்று அந்தச் சட்டம் ஞாபகம் வந்ததுதான் வேடிக்கை.

"அக்கா, கடுகு இருந்தா இடிங்க. வெந்நீர் வேணும்" என்றேன்.

ஜைனப்பீ ஏன் என்று கேட்கவில்லை, உரலுக்குப் போனார். கேட்டவர் காசிம் பாய்.

"எதுக்கு கடுகு?"

"பாய், மருந்து மாறிப்போச்சு. வேற ஒருத்தரோடது உங்களுக்கு வந்துடுச்சு. வாந்தி எடுத்துடணும்."

"மாறினா மாறட்டுமே. இது நல்லாத்தான் கீது. இனிமே இதையே குடுத்துடுங்க, அவருக்கு என்னோடதக் குடுங்க."

"பாய், அது ஆபத்து."

"அம்மா." அவர் குரல் தாழ்ந்தது. "மூணு வாரமா நான் படுத்துத் தூங்கல. உக்காந்துகினே கண்ண மூடிக்குவேன், திரும்பினா உயிர் போவும். இன்னிக்கித்தான் எறங்கும் போல கீது. அதப் போய் வாந்தி எடுங்கிறீங்களே. நான் மாட்டேன்."

கடுகு நீர் தயாராகிவிட்டது. அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்தார். கண் இமை லேசாகக் கனக்கத் தொடங்கியிருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. இன்னொரு பொய் சொல்லலாம். எவ்வளவோ பொய்கள் நாக்கு நுனியில் இருந்தன. எதுவும் ஒரு டம்ளர் கடுகு நீரைக் குடிக்க வைக்கும் அளவுக்கு நல்ல பொய்யாக இல்லை.

"மாறல பாய். இத்தனை நாள் நான் உங்களுக்குப் பாதி மருந்துதான் ஊத்தினேன். மீதி தண்ணி. டாக்டருக்குத் தெரியாது. வலி குறையலன்னு அவர் ஏத்திக்கிட்டே போயிட்டார். நேத்து நான் வரல. வேற ஒருத்தர் முழுசா ஊத்திட்டார். நீங்க அதை ரெண்டு மடங்கா குடிச்சிட்டீங்க. இப்படியே தூங்கினா எழுந்திரிக்க மாட்டீங்க."

ஜைனப்பீ கடுகு நீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா அப்டி செஞ்சே?" என்றார் ஜைனப்பீ. கோபமாகக்கூட இல்லை. புரியாமல் கேட்டார்.

"என் பொண்ணு உங்க வண்டியில போறா அக்கா. அபினக் குடிச்சிட்டு ஓட்டுவாரேன்னு பயம்."

காசிம் பாய் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சற்று நிமிர முயன்றார்.

"நானும் அதுக்காவத்தான் காலையில குடிக்கல" என்றார். பிறகு கையை நீட்டினார். "குடு."

அதற்கு மேல் நடந்ததை விவரிக்கப் போவதில்லை. ஒரு வாளி நிறைந்தது. முதுகு வலிக்காரர் வாந்தி எடுப்பதைப் போலப் பார்க்கச் சகிக்காத காட்சி வேறில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் அலறினார், நான் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுத் தாவூத் பாய் கறிக்கடை வைத்திருந்தவர். சைக்கிள் உள்ளவர். ஒரு காகிதத்தில் "காசிம், அபின் அறுபது துளி, ஒரே தடவையில். வாந்தி எடுக்க வைத்திருக்கிறேன். தவறு என்னுடையது. உடனே வரவும்" என்று எழுதிப் புட்டியோடு அவரிடம் கொடுத்தனுப்பினேன். "தவறு என்னுடையது" என்று எழுதும்போது பென்சில் முனை ஒடிந்துவிட்டது. தாவூத் பாய் கறிக்கணக்கு எழுதும் பென்சிலைத் தந்தார்.

அதே சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டு டாக்டர் வந்து சேர்ந்தார். கோட்டும் டையுமாகக் கறிக்கடை சைக்கிளில் அவர் வந்து இறங்கிய காட்சியை வேறொரு நாளாயிருந்தால் ரசித்திருப்பேன். காசிம் பாயின் இமையை விலக்கிப் பார்த்தார். கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருந்தது. மூச்சை எண்ணினார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"நடக்க வைங்க. தூங்க விடாதீங்க. கெட்டியா காப்பி வேணும்."

யுத்த காலத்தில் கெட்டிக் காப்பிக்கு எங்கே போவது? தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஸ்பூன், அரை ஸ்பூன் என்று வாங்கி ஒரு சொம்புக் காப்பி போட்டார்கள். தாவூத் பாய் ஒரு பக்கம், ஜைனப்பீ ஒரு பக்கம். முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடை. காசிம் பாயின் தலை தொங்கும்போதெல்லாம் ஜைனப்பீ தோளில் ஒரு இடி கொடுப்பார்.

"முழிச்சிக்கினு இரு. உன் குதிரைக்குக் கீற புத்தி உனக்கு இல்ல. அது புது கொள்ளு வெச்சாலே மோந்து பாத்துட்டு ஒதுங்கிக்கும்."

"குதிரைக்கு முதுகு வலி இல்லடி" என்று குழறினார் காசிம் பாய்.

பதில் வந்ததே போதும் என்று நான் சுவரில் சாய்ந்தேன். டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். கத்துவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா. முதல் சீட்டிலிருந்தே."

"நான் எழுதினதை நீ குறைச்சே. நீ குறைச்சது தெரியாம நான் ஏத்தினேன். நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாம அந்த மனுஷர் சேர்த்துக் குடிச்சார். ஒரு புட்டிக்கு மூணு டாக்டர்."

 பிறகு, இனி வேலை போவது போவதுதானே என்ற துணிச்சலில் கேட்டேன்.

"உங்ககிட்ட வந்து, எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"கத்தியிருப்பேன்." அவர் உடனே சொன்னார். காசிம் பாய் இன்னொரு சுற்று முடிக்கும்வரை அவருடைய நடையையே கவனித்தார். "கத்திட்டு, வண்டி ஓட்டறவராச்சேன்னு யோசிச்சிருப்பேன். மூணு வாரத்துல ரெண்டு தரம் ஏத்தினேன். ஒரு தரமாவது, எத்தனை மணிக்குக் குடிக்கறீர்னு அவரைக் கேட்டேனா? கண்ணைப் பார்த்தேனா?"

என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. வேறு ஆள் கிடைக்காதது ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அது கத்தலைவிட மோசம்.

மூன்றரை மணிக்குக் காசிம் பாய் அபாயம் தாண்டிவிட்டார் என்று சொல்லிவிட்டு, "பள்ளிக்கூடம் விட்டிருக்கும், போ" என்றார் டாக்டர். ஐந்து குழந்தைகளையும் நடத்தியே வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டேன். பாய் ஏன் வரவில்லை என்று ஐந்து பேரும் பத்துத் தடவை கேட்டார்கள். குமுதா மட்டும், "காலையில நீ ஏன் செருப்பில்லாம வந்தே? எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள்.

மறுநாளுக்கு மறுநாள் காசிம் பாயும் ஜைனப்பீயும் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். வலி குறையவில்லை. அதை மறந்துவிடாதீர்கள். ஆபத்து போனதால் வலி போய்விடவில்லை. டாக்டர் அவர்களை உள்ளே கூப்பிட்டு, என்னையும் கூப்பிட்டார். இதுவரை அப்படிச் செய்ததில்லை.

"இந்த மருந்து உமக்கு வலியைக் குறைக்கும், முதுகைச் சரி பண்ணாது. முதுகு தானா ஆறணும். அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் இதைக் குடிச்சா தூங்கலாம். ஆனா நாள் ஆக ஆக அளவு போதாது, ஏத்தச் சொல்லும். அப்புறம் வலி இல்லாட்டியும் கேட்கும். வயிறு கட்டும். கண் சொக்கும். குடிக்காட்டி, வலியோட இருக்கணும். ரெண்டும் கஷ்டம்தான். நீர் என்ன சொல்றீர்?"

காசிம் பாய் திகைத்துப்போனார். டாக்டர் அவரை எதுவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. தூணைப் பிடித்தபடி யோசித்தார்.

"சிச்சாவும் முட்டி வலிக்குத்தான் ஆரம்பிச்சாரு" என்றார். "முட்டி ஆறு மாசத்துல சரியாப் போச்சி. அபின் சரியாவல. கடைசில வீட்டு அண்டாவக்கூட வித்தாரு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா சுத்தமா வேணாம்னு சொல்ல என்னால முடியாது டாக்டர். ராத்திரி திரும்பிப் படுக்கணும்னா பயமா கீது."

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பத்து நாள் மட்டும். ஒரு நாளைக்கு ஒரே வேளை, காலைச் சவாரி முடிந்த பிறகு. பத்துத் துளியில் தொடங்கி, கடைசி நாட்களில் ஐந்து. அதற்கு மேல் எவ்வளவு கெஞ்சினாலும் இல்லை. கட்டிலில் பலகை போட்டுப் படுப்பது. குழந்தைகள் இல்லாத நேரத்தில் அவர் போய்வந்த சைதாப்பேட்டை மூட்டைச் சவாரி இனிக் கிடையாது. புட்டி ஜைனப்பீயிடம் இருக்கும்.

"எங்க வெப்பேன்னு சொல்ல மாட்டேன்" என்றார் ஜைனப்பீ.

"அரிசி டின்லதான் வெப்பா" என்றார் காசிம் பாய்.

"இப்ப மாத்திட்டேன்."

மருந்து கலக்கும்போது என்னை எண்ணச் சொன்னார் டாக்டர். காசிம் பாய் முன்னாலேயே சத்தமாக எண்ணி ஊற்றினேன். பத்து என்று சீட்டில் இருந்தது, பத்து புட்டியில் போனது. அப்போதும் பயம் இருந்தது. பயப்படாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல நான் யார்? பயம் வந்தால் நல்லதுதான். ஆனால் அதைப் புட்டிக்குள் ஊற்றி மூடாதீர்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள். சீட்டு எழுதியவரிடமும் சொல்லுங்கள், குடிக்கப்போகிறவரிடமும் சொல்லுங்கள். ஒருவர் கத்துவார். மற்றவருக்கு, பெரும்பாலும், உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

நான்கு நாள் குமுதா பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போனாள். இனிமேல் வண்டி வேண்டாம் என்று என் கணவர் சொன்னார். வேண்டாம்தான் என்று நானும் சொன்னேன். பிறகு, அந்த மனுஷர் வலியைப் பொறுத்துக்கொண்டு வண்டி ஓட்டியது யாருக்காக என்று யோசித்தேன். பிறகு டிராமை யோசித்தேன். பிறகு மறுபடியும் அவரை யோசித்தேன். இப்படியே நான்கு நாள் போனது.

ஐந்தாம் நாள் ஒன்பதேகாலுக்கு ஜட்கா எங்கள் வாசலில் வந்து நின்றது. மற்ற நாலு குழந்தைகளும் உள்ளே இருந்தார்கள். அவரவர் வீட்டில் என்ன சொல்லி ஏற்றினாரோ தெரியாது. குமுதா பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

காசிம் பாய் கூப்பிடவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு சொன்னார்:

"நேத்து பத்தே முக்காலுக்கு ஒரு கோடு. அதுக்கப்பறம் இல்ல. கண்ணப் பாக்கணும்னா பாருங்கம்மா. என்னால குனிய முடியாது, நீங்கதான் ஏறி வரணும்."

தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. என் மாமியார் ஜன்னலில் இருந்தார். நான் வண்டியின் படியில் காலை வைத்து ஏறி, ஜட்காக்காரரின் முகத்துக்கு எதிரே முகத்தை வைத்து, வெளிச்சத்தில் அவர் கண்ணைப் பார்த்தேன். வலது கண். இடது கண். கண்மணி நன்றாக விரிந்து, சரியாக இருந்தது. வலியால் ஓரத்தில் ஈரம் இருந்தது.

"சரியா இருக்கு பாய்" என்றேன்.

கீழே இறங்கி, குமுதாவைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தேன்.